லூயி மால் படங்களில் எதை முதலில் போடலாம்? கடலூரில் திரையிடல், யோசனை தேவை

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டுப் பார்க்கிறோம். இடம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. புரொஜெக்டர் நண்பர் ஒருவருடையது. கல்லூரிப் பிள்ளைகள், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று முப்பது பேர் போல வருவார்கள். படம் முடிந்ததும் டீ, சுண்டல். அப்புறம் ஒன்பதரை வரை பேச்சு ஓடும்.

அடுத்த மூன்று மாதமும் ஒரே இயக்குநரின் படங்களைப் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பாண்டிச்சேரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, பிரெஞ்சு சினிமா என்றால் கோதார், த்ரூஃபோ என்ற இரண்டு பெயரோடு நின்றுவிடுகிறோம். அதனால் லூயி மாலை எடுத்துக்கொண்டோம். நான் அவருடைய ஒரே ஒரு படம்தான் பார்த்திருக்கிறேன். ‘அட்லாண்டிக் சிட்டி’, அதுவும் அமெரிக்காவில் எடுத்த படம். ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு சிக்கல். விஷயத்தை வீட்டில் சொன்னதும் பெரியப்பா கோபப்பட்டார். அவர் மத்திய அரசு வேலையில் இருந்தவர். “இந்தியா என்றால் பிச்சைக்காரர்களும் கழுகுகளும்தான் என்று உலகத்துக்குக் காட்டிய ஆள் அவன். அந்தப் படத்தால்தான் பிபிசியையே டெல்லியிலிருந்து அனுப்பினார்கள். அவன் படத்தையா நம்ம ஊரில் போடப்போகிறாய்?” என்றார். பெரியப்பா எதையும் சும்மா சொல்கிறவர் இல்லை.

அதனால் கேட்கிறேன். அவர் எப்படிப்பட்ட ஆள்? எந்தப் படத்தில் ஆரம்பித்தால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் பிடிபடும்? இந்தியா பற்றி எடுத்ததைப் போடலாமா, விட்டுவிடலாமா?

---

படச்சுருள் (விழுப்புரம்)

‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’தான் முதலில். யோசிக்கவே வேண்டாம். 1958ல் வந்தது, மாலுக்கு அப்போது 25 வயது. கொலை செய்துவிட்டு வெளியே வருகிற ஆள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறான். அவனுக்காகக் காத்திருக்கும் காதலி (நடிகை ழான் மொரோ) பாரிஸ் தெருக்களில் ராத்திரி முழுக்க அலைகிறாள். கதை இவ்வளவுதான்.

அந்த நடையைப் படமாக்கிய விதம் தனி. ஒளிப்பதிவாளர் ஆன்ரி டெக்கா கேமராவைக் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் வைத்து, தனி விளக்கு எதுவும் போடாமல், கடைக் கண்ணாடிகளின் வெளிச்சத்திலேயே எடுத்தார். மொரோவின் முகத்தில் மேக்கப் இல்லை என்று அந்தக் காலத்தில் புலம்பினார்களாம். இசை, ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். 1957 டிசம்பரில் ஒரே ராத்திரியில், காட்சிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே ட்ரம்பெட் வாசித்துப் பதிவு செய்தது. நல்ல ஸ்பீக்கர் வைத்துப் போடுங்கள், கல்லூரிப் பசங்கள் மயங்கிவிடுவார்கள்.

---

முத்தியால்பேட்டை டீச்சர் (புதுச்சேரி)

தம்பி, படச்சுருள் சொன்ன படம் அருமையான படம்தான். ஆனால் மாலை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் அதில் தொடங்காதீர்கள். ‘ஓ ருவார் லெ ஸான்ஃபான்’ (போய் வருகிறேன், பிள்ளைகளே) போடுங்கள். 1987ல் வந்தது, வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதைக் காட்டியிருக்கிறேன். மற்ற படங்களுக்கெல்லாம் சாவி இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். மால் 1932 அக்டோபர் 30ல் பிரான்சின் வடகோடியில் தூமெரி என்ற ஊரில் பிறந்தவர். உங்கள் பக்கத்து நெல்லிக்குப்பத்தை நினைத்துக்கொண்டால் தூமெரி புரிந்துவிடும். ஊரே சர்க்கரை ஆலையை நம்பி இருந்தது. அங்கே கரும்பு இல்லை, பீட் கிழங்கு. அந்த ஆலைக்காரக் குடும்பத்தின் மகள்தான் மாலின் அம்மா. பணத்துக்குக் குறைவே இல்லாத வீடு. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில் பையனை ஃபோந்தேன்புளோ பக்கத்தில் ஆவோன் என்ற ஊரில், கார்மேல் சபைத் துறவிகள் நடத்திய உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள்.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ழாக் அடிகள், மூன்று யூதச் சிறுவர்களைப் பொய்ப் பெயரில் சேர்த்து மற்றப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக ஒளித்து வைத்திருந்தார். 1944 ஜனவரியில் கெஸ்டபோ, அதாவது நாஜி ரகசியப் போலீஸ், வந்தது. மூன்று பையன்களையும் ழாக் அடிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பையன்கள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். அடிகள் மௌட்ஹாவ்ஸன் முகாமில் கிடந்து, விடுதலையான சில வாரங்களிலேயே, 1945 ஜூனில் இறந்துபோனார். அன்று காலை முற்றத்தில் வரிசையில் நின்று இதைப் பார்த்த மாணவர்களில் 11 வயது லூயி மாலும் ஒருவர். அதைப் படமாக எடுக்க அவருக்கு 40 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது படத்தில் ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் சொல்கிறேன், உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. கெஸ்டபோ அதிகாரி உள்ளே வந்து ஒரு யூதப் பெயரைச் சொல்லிக் கேட்கிறான். யாரும் வாய் திறக்கவில்லை. அவன் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறான். சுவரில் போர் வரைபடம் தொங்குகிறது, பிள்ளைகள் எந்தப் படை எதுவரை வந்திருக்கிறது என்று சின்னச் சின்னக் கொடி குத்தி வைத்திருக்கிறார்கள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கொடிகளைப் பிடுங்குகிறான். அந்த நேரத்தில் ழூலியன், அதாவது மாலின் பாத்திரம், பொய்ப் பெயரில் ஒளிந்திருக்கும் தன் சிநேகிதன் போனே பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறான். அதிகாரி திரும்புகிறான். அந்தப் பார்வை போன திசையைப் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான். போனே அலட்டிக்கொள்ளாமல் எழுந்து, புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற பையன்களிடம் கை குலுக்குகிறான்.

வகுப்பில் பிள்ளைகள் எப்போதும் கேட்கிற முதல் கேள்வி, “டீச்சர், அவன் திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால்?” அந்தப் பார்வை நிஜத்தில் நடக்கவில்லை. மால் எழுதும்போது சேர்த்தது. யாரும் அவரைக் குற்றம் சாட்டவில்லை, காட்டிக்கொடுத்தது வேறு வழியாக. இருந்தும் அந்தக் குற்றத்தில் தனக்கு ஒரு பங்கை அவரே எழுதி வாங்கிக்கொண்டார். இதுதான் லூயி மால். வேடிக்கை பார்க்கிறவனுக்குப் பொறுப்பு இல்லை என்பதை அந்த மனுஷர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்காகத்தான்.

அதே படத்தில் ழோசஃப் என்று ஒரு சமையலறைப் பையன் உண்டு. கால் சற்று ஊனம். ஏழை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வரும் ஜாமையும் தபால்தலையையும் அவனிடம் கொடுத்துக் கள்ளச்சந்தையில் மாற்றிக்கொள்கிறார்கள். மாட்டியதும் அவனுக்கு மட்டும் வேலை போகிறது. பிள்ளைகளுக்கு வெறும் கண்டிப்பு. அவன்தான் பிறகு ஜெர்மானியர்களிடம் போய்ச் சொல்கிறான். மால் அவனை வில்லனாக்கவே இல்லை. ‘ஐயோ, நாம்தானே அவனைத் தள்ளிவிட்டோம்’ என்று நமக்கே தோன்றும்படி விட்டுவிடுகிறார்.

இங்கிருந்து அப்படியே ‘லாகோம்ப் லூசியன்’ போகலாம். 1974ல் வந்த படம். பாத்ரிக் மோதியானோவோடு சேர்ந்து எழுதினார், 2014ல் இலக்கிய நொபெல் வாங்கிய அதே மோதியானோ. 1944ல் தென்மேற்கு பிரான்சில் ஒரு நாட்டுப்புறப் பையன், தரை துடைக்கிற வேலை. எதிர்ப்புப் படையில் சேரப் போகிறான், உனக்கு வயது போதாது என்று அனுப்பிவிடுகிறார்கள். திரும்பும் வழியில் சைக்கிள் பஞ்சர். இருட்டிவிடுகிறது. ஜெர்மானியர்களுக்கு வேலை செய்யும் உள்ளூர்ப் போலீஸ் தங்கியிருக்கும் ஓட்டலில் போய் நிற்கிறான். பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால் தேசபக்தன், ஆனதால் துரோகி. நடித்த பியேர் ப்ளேஸ் அந்த வட்டாரத்துப் பையன், அதற்கு முன் நடித்ததே இல்லை. பாவம், அடுத்த வருஷமே கார் விபத்தில் போய்விட்டான்.

இந்தப் படம் பிரான்சில் பெரிய சண்டையைக் கிளப்பியது. எங்களைப் போன்ற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்தச் சண்டை எளிதில் புரியும். 1940 செப்டம்பரிலேயே இங்கே கவர்னர் போன்வான், ஜெர்மனிக்குப் பணியாமல் எதிர்த்து நின்ற தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். எங்கள் பாடப் புத்தகத்துப் பிரான்ஸ் முழுக்க எதிர்த்து நின்றவர்களின் பிரான்ஸ். என் சித்தப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1962ல் புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது அப்பா இந்தியக் குடியுரிமையோடு இருந்துகொண்டார், சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தார். ஒரே தெருவில் இரண்டு தேசமாக இருந்தோம். சித்தப்பாவின் கூடத்தில் தெ கோல் படம், அதற்குக் கீழே அவருடைய மெடல்கள். அவர் வீட்டில் ‘லாகோம்ப் லூசியன்’ போட்டபோது பாதியில் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். சித்தி மட்டும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டு, “அந்தப் பையனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இல்லையே” என்றாள். பிரான்சில் அந்த வருஷம் எழுதப்பட்ட விமர்சனங்களில் பாதி சித்தப்பாவின் கட்சி, பாதி சித்தியின் கட்சி. இந்த ரகளைக்கு அப்புறம் கொஞ்ச காலத்திலேயே மால் அமெரிக்கா போனார். நீங்கள் பார்த்த ‘அட்லாண்டிக் சிட்டி’ அந்தக் காலத்துப் படம்.

பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்ன சம்பவம் உண்மை. 1967 கடைசியில் பிரெஞ்சுப் படங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு மால் இந்தியாவுக்கு வந்தார். ஊர் அவரை விடவில்லை. 1968 ஜனவரியில் திரும்ப வந்தார். கூட இரண்டே பேர், ஒளிப்பதிவுக்கு எத்தியேன் பெக்கர், ஒலிக்கு ழான் க்ளோத் லோரு. கதை இல்லை, திட்டம் இல்லை. போகிற இடத்தில் கண்ணில் பட்டதை எடுத்தார்கள். அதிலிருந்துதான் ‘கல்கத்தா’ என்ற தனிப் படமும், ஏழு பகுதிகள் கொண்ட ‘ஃபாண்டம் இந்தியா’ தொடரும் வந்தன. தொடர் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல். 1970ல் பிபிசி ஒளிபரப்பியதும் இந்திய அரசு கடுமையாக ஆட்சேபித்தது. பிபிசி தன் டெல்லி அலுவலகத்தை மூட வேண்டியதாயிற்று.

ஆனால் பெரியப்பா அந்த ஏழு பகுதிகளையும் பார்த்திருக்கிறாரா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். கழுகு வருகிறது, உண்மைதான். இரண்டாவது பகுதி முழுக்க மெட்ராஸ். மயிலாப்பூர்த் தேர் வருகிறது. வடம் பிடிக்கிற கைகள், வேர்வை, நெரிசல் எல்லாவற்றையும் வெட்டாமல் நீளமாக ஓடவிடுகிறார். கலாக்ஷேத்ராவில் பெண்பிள்ளைகள் ஆடப் பழகுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், நகர மனசில்லாமல். ஆறாவது பகுதியில் எங்கள் ஊர் அரவிந்தர் ஆசிரமமும் இருக்கிறது. ஆரோவில் தொடங்கியதும் அதே 1968 பிப்ரவரியில்தான்.

முதல் பகுதிக்கு மால் வைத்த பெயரே ‘முடியாத கேமரா’ என்று பொருள்படும். மக்கள் நேராக லென்ஸைப் பார்க்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தத் துண்டுகளை எடிட்டிங்கில் கழித்துக்கட்டியிருப்பார்கள். இவர் வைத்துக்கொண்டார். நாம் இவர்களைப் பார்க்கிறோம், இவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள், இதில் அத்துமீறுவது நாம்தான் என்று குரலிலும் சொல்கிறார். ஆவோன் பள்ளிக்கூடத்தில் ஒரு பார்வைக்குக் கணக்குக் கேட்டவர், இங்கேயும் அதே கணக்கைத் தன் பேரில் எழுதுகிறார். அதனால்தான் சொல்கிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுவார்.

நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

மஞ்சக்குப்பம் வக்கீல் (கடலூர்)

டீச்சர் அம்மா எழுதியதை வாசித்துவிட்டு ஒரு துணுக்கு மட்டும் சேர்க்கிறேன். சட்டம் படித்தவர்களுக்கு லூயி மால் பெயர் வேறு வழியாகத் தெரியும். ‘லெ ஸமான்’ (காதலர்கள்) என்று 1958ல் ஒரு படம், இதிலும் ழான் மொரோ. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு தியேட்டர் மேனேஜர், பெயர் நிகோ ஜகோபெலிஸ், இதைத் திரையிட்டதற்காக ஆபாச வழக்கில் 2,500 டாலர் அபராதம் வாங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1964ல் தண்டனை ரத்தாயிற்று. ஆபாசம் எது என்று வரையறுத்துச் சொல்ல என்னால் முடியாது, பார்த்தால் தெரிந்துவிடும், இந்தப் படம் அது இல்லை என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதியது இந்த வழக்கில்தான். இன்றைக்கும் தணிக்கை பற்றி வாதாடுகிற இடங்களில் அந்த வரி வந்துவிடும்.

தம்பி, டிக்கெட் இல்லாமல் போட்டாலும் பொதுத் திரையிடல் என்றால் உரிமம் வைத்திருப்பவரின் அனுமதி தேவை. நாலு வரி மெயில் எழுதிக் கேட்டுவிடுங்கள். கல்வி நோக்கம், கட்டணம் இல்லை, இத்தனை பேர் என்று தெளிவாக எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

---

சோனாங்குப்பத்தான் (கடலூர் முதுநகர்)

டீச்சர் மேல் மரியாதையோடு மாற்றுக் கருத்து சொல்கிறேன்.

‘ஃபாண்டம் இந்தியா’வை நான் முழுக்கப் பார்த்தேன். அழகாக எடுத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் உழைக்கிற சனங்கள் வருகிற இடங்களில் எல்லாம் பேசுவது அவர் ஒருவர்தான். மெட்ராஸில் படித்தவர்கள், அரசியல் பேசுகிறவர்கள் வாய் திறக்கிறார்கள். கூடை சுமக்கிறவள், மண் வெட்டுகிறவன், வலை இழுக்கிறவன் எல்லாரும் பார்க்க மட்டும்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு என்ன கூலி, எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, ஒன்றும் தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு பிரெஞ்சுக்காரர் தன் மனசில் ஓடுவதைச் சொல்கிறார். நான் அத்துமீறுகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டால் அத்துமீறல் குறைந்துவிடுமா?

நான் பேசுவது புத்தகம் படித்து இல்லை. 2004 சுனாமி முடிந்த வாரத்தில் எங்கள் குப்பத்துக்கு வராத கேமரா இல்லை. என் அத்தை பிள்ளையைத் தேடிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வெளிநாட்டுக் குழு அவள் முகத்துக்கு நேராக வைத்து எடுத்தார்கள். அவளும் அந்த லென்ஸையே பார்த்தாள். துரத்தவும் தெம்பில்லை. அந்தப் படம் எங்கெல்லாம் ஓடியதோ, எங்களுக்குத் தெரியாது. பெயர் என்ன என்றுகூட அவளிடம் கேட்கவில்லை. அந்த ஆட்களும் ஊருக்குப் போய், ரொம்ப வருத்தமாக இருந்தது என்று உண்மையாகவே சொல்லியிருப்பார்கள்.

ஒரு சனம் கேமராவைப் பார்ப்பதை வெட்டாமல் வைத்தது பெரிய விஷயம் என்கிறீர்கள். எனக்கு அது பாதி வேலை. அந்தப் பார்வைக்குப் பின்னால் இருக்கிற வார்த்தையைக் கேட்டு வாங்குவதுதான் மீதி. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சும்மா கைதட்டிவிட்டு டீ குடிக்கிற படமாகப் போடாதீர்கள்.

---

முத்தியால்பேட்டை டீச்சர் (புதுச்சேரி)

சோனாங்குப்பத்துத் தம்பி, உங்கள் அத்தையைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் சொல்கிற பாதி வேலை என்ற கணக்கு சரி. மாலுக்கு நம் பாஷை எதுவும் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசியிருக்கலாம், பெரும்பாலான இடங்களில் அதைச் செய்யவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனசில்லை.

அதோடு நான் ஒன்று சேர்க்கிறேன், இது உங்கள் கட்சிக்கே பலம். 1979ல் மால் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் க்ளென்கோ என்ற சின்ன ஊருக்குப் போய், விவசாயிகளையும் கடைக்காரர்களையும் எடுத்தார். வீட்டுக்குள் போய், பெயர் சொல்லி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசவைத்து எடுத்தார். படத்தை அப்போது முடிக்க முடியவில்லை. 1985ல் அதே ஊருக்குத் திரும்பப் போனார். போன தடவை செழிப்பாக இருந்தவர்கள் கடனில் தத்தளிக்கிறார்கள், விளைச்சலுக்கு விலை இல்லை. அதையும் எடுத்துச் சேர்த்து ‘காட்ஸ் கன்ட்ரி’ என்று வெளியிட்டார். நீங்கள் கேட்கிற மீதி வேலை அதில் முழுசாக இருக்கிறது. க்ளென்கோ ஆட்களுக்குப் பெயர் கிடைத்தது, பேச்சு கிடைத்தது, ஆறு வருஷம் கழித்து என்ன ஆனீர்கள் என்று கேட்க ஆள் கிடைத்தது. நம் ஊர்ச் சனங்களுக்கு அவர் அப்படித் திரும்பி வரவில்லை. இந்தியாவைப் பற்றி இன்னொரு படம் அவர் எடுக்கவே இல்லை. தன் படங்களிலேயே இந்தியத் தொடரைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை அதிகம் என்பதால், எனக்கு இந்த வருத்தம் கூடுதல்.

ஆனாலும் உங்கள் அத்தையைப் படமெடுத்த அந்தக் குழுவையும் மாலையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது. அந்தக் குழு வந்தது ஒரு செய்திக்கு. மால் மாதக்கணக்கில் இருந்தார். திரும்பிப் போனதும் பிரான்சில் 1968 மே மாதக் கலவரம். கான் திரைப்பட விழாவில் நடுவராக இருந்தவர், மோனிகா விட்டி, போலன்ஸ்கி ஆகியோரோடு நடுவர் பதவியை விட்டு விலகினார், அந்த வருஷம் விழாவே பாதியில் நின்றது. அதற்கு முன் அவர் எடுத்த படங்களையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னே பிரிஜித் பார்தோ, ழான் மொரோ இருவரையும் வைத்து மெக்சிகோவில் ‘விவா மரியா!’ மாதிரி பிரமாண்டம். பின்னே தரை துடைக்கிற பையன், சித்ரோன் கார்த் தொழிற்சாலையின் வேலையாட்கள், க்ளென்கோ விவசாயிகள். இங்கே நம் சனங்கள் அவரைப் பார்த்த பார்வை வீண்போகவில்லை என்பது என் நம்பிக்கை. அதற்குக் கூலி அந்தச் சனங்களுக்கு வந்து சேரவில்லை, அதுவும் உண்மைதான்.

கெடிலக்கரைத் தம்பி, என் யோசனை இது. இந்தியத் தொடரைப் போடும் நாளன்று முதல் பகுதியையும் மெட்ராஸ் பகுதியையும் மட்டும் போடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். படம் முடிந்ததும் முதலில் பேச சோனாங்குப்பத்துத் தம்பியைக் கூப்பிடுங்கள். பெரியப்பாவையும் கட்டாயம் கூட்டிவாருங்கள். தேர் வருகிற இடத்தில் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கே ஆசை.

---

சோனாங்குப்பத்தான் (கடலூர் முதுநகர்)

க்ளென்கோ விஷயம் தெரியாது டீச்சர். தேடிப் பார்க்கிறேன். கூப்பிட்டால் வருகிறேன். அத்தை வந்தால் அவளையும் கூட்டிவருகிறேன், அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

---

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை அச்செடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். “மயிலாப்பூர்த் தேரா? 68லா? நான் அப்போது மெட்ராஸில்தான் இருந்தேன்” என்றார். வருகிறாரா என்று கேட்டதற்கு, நாற்காலி உண்டா, பாயா என்று திருப்பிக் கேட்டார். வருவார் என்று எடுத்துக்கொண்டேன்.

வரிசை இப்படி வைத்திருக்கிறோம். முதல் மாதம் ‘ஓ ருவார் லெ ஸான்ஃபான்’. இரண்டாவது மாதம் இந்தியத் தொடரில் டீச்சர் சொன்ன இரண்டு பகுதிகள். மூன்றாவது மாதம் ‘லாகோம்ப் லூசியன்’. ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’ இல்லாமல் விடமாட்டேன் என்று பசங்கள் அடம் பிடிப்பதால் நாலாவது மாதம் சேர்த்துவிட்டோம். படச்சுருள் அவர்களே, நல்ல ஸ்பீக்கருக்கு வழி சொல்லுங்கள்.

டீச்சர், ஒரே ஒரு கேள்வி. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கில சப்டைட்டில் வேகமாகப் படிக்க வராது. சிப்காட் அண்ணன்கள் போன தடவை பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

---

முத்தியால்பேட்டை டீச்சர் (புதுச்சேரி)

‘ஓ ருவார்’ படத்துக்கு நான் வகுப்புக்காகத் தமிழில் எழுதிவைத்த வசனங்கள் நோட்டில் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதியது, அதனால் எளிய தமிழ். உங்கள் ஆட்களில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள், உட்கார்ந்து நேரம் போட்டு சப்டைட்டில் ஃபைலாக மாற்றிவிடலாம். வரி ஒன்றுக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும், மஞ்சள் நிறம் நல்லது. இருட்டுக் காட்சிகள் நிறைய. வெள்ளை எழுத்து பனியில் கரைந்துபோகும், படத்தில் பாதி நேரம் ஜனவரி மாதப் பனிதான்.

இந்தியப் பகுதிகளுக்கு இப்படி வேண்டாம். அதில் பெரும்பாலும் பேசுவது மாலின் குரல்தான் என்பதால் நான் பக்கத்தில் மைக் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறேன். அவர் பேசாமல் விடுகிற இடங்களில் நானும் பேசமாட்டேன். தேர் வரும்போது சத்தத்தைக் குறைக்கவே கூடாது, இதைப் புரொஜெக்டர் தம்பியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஒன்பதரைக்கு மேல் பாண்டி பஸ் எத்தனை மணி வரை என்று விசாரித்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேச்சை எட்டரைக்கே தொடங்கிவிடலாம்.